ஏரி இல்லாத வரைபடம்

தூண்டில் போடுகிறவருக்குத் தூண்டில் சாமான் வாங்கித் தரக் கூடாது என்பது என் கட்சி. டாலஸில் எங்கள் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் பாஸ் என்னும் நன்னீர் மீன்மேல் பித்துப் பிடித்தவர்கள் சிலர் உண்டு. சனிக்கிழமை விடிவதற்கு முன்பே வண்டிக்குப் பின்னால் படகைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பிறந்தநாளோ தந்தையர் தினமோ நெருங்கும்போது அந்த வீட்டுப் பெண்களில் யாராவது ஒருத்தி என்னைக் கூப்பிட்டு, “அண்ணனுக்கு நீங்கள் என்ன வாங்கப் போகிறீர்கள் அக்கா?” என்று கேட்பாள். நான் என் கட்சியைச் சொல்வேன். “சரி, சாமான் வேண்டாம். அப்புறம் என்னதான் வாங்குவது?” என்பாள். எது கூடாது என்பதில் எனக்கிருந்த உறுதி, எது வேண்டும் என்பதில் வெகுகாலம் இருந்ததில்லை. என் கணவருக்கு ஐம்பது வயது நிறைந்தபோதுதான் அதற்கு ஒரு பதில் கிடைத்தது.

முதலில் சாமான் ஏன் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். பாஸ் தூண்டில்காரரின் கழி வெறும் கழி அல்ல. ஏழடிக் கழியா, இன்னும் சில அங்குலம் கூடுதலா, நுனி மட்டும் வளைய வேண்டுமா, பாதிக் கழியே வளைய வேண்டுமா, ரீலின் கைப்பிடி இடப்பக்கமா வலப்பக்கமா, ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குல நரம்பு உள்ளே வர வேண்டும், அந்த நரம்பு பின்னிய இழையா, தண்ணீரில் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத ஃப்ளூரோகார்பனா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். இரையாக மாட்டும் ரப்பர் புழுக்களின் நிறங்களுக்கு வாட்டர்மெலன் ரெட், கிரீன் பம்ப்கின், ஜூன் பக் என்று பெயர்கள். என் கண்ணுக்கு இரண்டு புழுக்கள் ஒன்றுபோலத் தெரியும். என் கணவர் அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கலங்கல் தண்ணீருக்கு இது, தெளிந்த தண்ணீருக்கு அது என்று பிரித்து வைப்பார். வெள்ளிக்கிழமை இரவில் சாப்பாட்டு மேஜை முழுவதும் பெட்டிகளாகப் பரப்பி வைத்துக்கொண்டு அவர் செய்யும் இந்தத் தேர்வுதான் அவருடைய மீன்பிடிப்பில் பாதி. அந்தப் பாதியை நான் கடையில் செய்துவிட்டு வந்து கையில் கொடுத்தால் அது எப்படிப் பரிசாகும்? என் சமையற்கட்டுக்கு வேறொருவர் அஞ்சறைப்பெட்டியை நிரப்பிக் கொடுத்தது போலத்தான் இருக்கும்.

தெரிந்த பெண் ஒருத்தி கல்யாண நாளுக்கென்று மாதக்கணக்கில் பணம் சேர்த்துக் கணவனுக்கு விலையுயர்ந்த ரீல் ஒன்று வாங்கினாள். நல்ல ரீல்தான். ஆனால் கைப்பிடி இடப்பக்கம். அவனுக்கு வலக்கையால் சுற்றித்தான் பழக்கம். அவன் வாய்திறந்து எதுவும் சொல்லவில்லை. திருப்பிக் கொடுக்கவும் மனம் வரவில்லை. வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில், பிள்ளைகளின் கோப்பைகளுக்கு நடுவில் அது இருக்கிறது. அவளுக்கு விஷயம் தெரியும். தனக்குத் தெரியும் என்பதை அவளும் சொல்லவில்லை. இருவருமே நல்லவர்கள், ஒருவரையொருவர் நேசிப்பவர்கள். அதனால்தான் அந்த அலமாரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

மறுபக்கம், மீன் படம் போட்ட கோப்பை, மீன் படம் போட்ட பனியன், “உலகத்திலேயே சிறந்த மீன்பிடிக்காரர்” என்று எழுதிய தொப்பி. கடைகளில் மலைமலையாகக் குவித்திருக்கிறார்கள். அவற்றைக் கொடுப்பவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. பிள்ளைகள் கொடுத்தால் அவை பொக்கிஷம். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வீட்டில் வாழ்ந்தவள் அப்படி ஒன்றைக் கொடுத்தால், “உங்களுக்கு மீன் பிடிக்கும் என்று மட்டும் எனக்குத் தெரியும்” என்று சொல்வதாகத்தான் ஆகும். நம் அப்பா அம்மாக்கள் பரிசு என்று எதையும் கொடுத்துக்கொண்டதில்லை. தீபாவளிக்கு எல்லோருக்கும் சேர்த்து ஜவுளி எடுப்பதோடு சரி. ஆனால் அப்பாவுக்கு மீனில் எந்தத் துண்டு பிடிக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். கேட்காமலேயே அது அவர் இலைக்கு வந்துவிடும். அந்த அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு அளவுகோலாக இருந்தது.

பிடித்த பிறகு விடும் மீன்

வேறு வழிகளையும் யோசிக்காமல் இல்லை. பெரிய மீன் ஒன்று பிடிபட்டால் அதன் உருவத்தைச் செய்து சுவரில் மாட்டுவது இந்த ஊர் வழக்கம். முன்பெல்லாம் மீனைக் கொன்று தோலைப் பாடம் செய்தார்கள். இப்போது மீனை உயிரோடு தண்ணீரில் விட்டுவிட்டு, அதன் நீளம், சுற்றளவு, ஒளிப்படம் ஆகியவற்றை மட்டும் அனுப்பினால் கண்ணாடியிழையில் அச்சு அசலாகச் செய்து தருகிறார்கள். தராசு இல்லாவிட்டாலும் எடையைக் கணக்கிடலாம்: சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 800-ஆல் வகுக்க வேண்டும். அளவுகள் அங்குலத்தில் இருந்தால் விடை பவுண்டில் வரும். என் கணவர் இந்தக் கணக்கை மனத்திலேயே போடுவார்.

விட்டுவிடுவது என்பது என் மாமியாருக்கு விளங்கவே இல்லை. மேட்டூரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தபோது, “பிடித்த மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வருவதற்கா இவ்வளவு தூரம் போகிறான்?” என்று என்னிடம் கேட்டார். அவருக்காகக் கெளுத்தி பிடித்துக்கொண்டு வந்து குழம்பு வைக்கச் சொன்னார் மகன். பாஸ் மட்டும் வீட்டுக்கு வராது. என் கணவர் போகும் லேக் ஃபோர்க் ஏரியில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸ் மீனை வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. 24 அங்குலத்துக்கு மேற்பட்டதில் ஒரு நாளைக்கு ஒன்றுதான். அந்த ஒன்றையும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். 1972-இல் ரே ஸ்காட் என்பவர் தாம் நடத்திய போட்டிகளில் மீனைக் கொல்லாமல் எடைபோட்டுத் திருப்பி விடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். அது இன்று இவர்களுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால், 1932-இல், ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையில் ஒரு பாஸ் பிடித்தார். இன்றுவரை அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை; 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அதைச் சமன் செய்தார். பெர்ரி என்ன செய்தார் தெரியுமா? எடைபோட்டுப் பதிந்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். பொருளாதார வீழ்ச்சிக் காலம் அது. என் மாமியாரிடம் இதைச் சொன்னபோது, “அவன் மனுஷன்” என்றார்.

சுவரில் மாட்டும் மீனைப் பற்றி என் கணவரிடமே ஒருமுறை மறைமுகமாகக் கேட்டுப் பார்த்தேன். “அந்த மீன் இன்னும் உள்ளே இருக்கிறது. அதை எதற்குச் சுவரில் மாட்ட வேண்டும்?” என்றார். அதோடு அந்த யோசனை முடிந்தது. வழிகாட்டி ஒருவரை ஏற்பாடு செய்து ஒருநாள் முழுக்க அவர் படகில் அனுப்பலாம் என்று இன்னொரு யோசனை. ஏரிக்குப் புதியவர்களுக்கு அதைவிடச் சிறந்த பரிசு கிடையாது. கற்றுக்கொள்ள நிறைய உண்டு. ஆனால் இவர் மீன் எங்கே இருக்கிறது என்று பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள விரும்பாதவர். தானாகக் கண்டுபிடித்தால்தான் இவருக்கு உறக்கம் வரும்.

அடுப்பில் உருகிய புழு

இந்தத் தேடலில் ஒரு தம்பதியின் கதை கண்ணில் பட்டது. 1949-இல் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில், நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவி காஸ்மாவும் தங்கள் வீட்டுச் சமையலறையில் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் ஊற்றி மண்புழு செய்து பார்த்தார்கள். மிருதுவாக இருக்க வேண்டும், தண்ணீரில் நெளிய வேண்டும், உயிருள்ளதைப் போல மீனை ஏமாற்ற வேண்டும். இன்று உலகம் முழுவதும் விற்கும் ரப்பர் புழுக்களுக்கெல்லாம் ஆதி அந்த அடுப்படிதான். பிற்பாடு அவர்கள் டெக்சாஸில் உள்ள டைலர் நகருக்குத் தொழிலைக் கொண்டுவந்தார்கள். எங்கள் லேக் ஃபோர்க்குக்குப் பக்கத்து ஊர் அது. உருக்கிய பிளாஸ்டிக்கின் நெடி அடிக்கும் அடுப்பங்கரையில் அந்தப் பெண் நின்றிருந்ததை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

கிழக்கு டெக்சாஸில் அந்தப் புழுவுக்கு ஒரு புதுப் பழக்கம் ஏற்பட்டது. தூண்டில் முள்ளின் கூரை வெளியே நீட்டாமல் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்துச் செருகுவார்கள். முன்னால் தோட்டா வடிவில் ஓர் ஈயக் குண்டு. இதை டெக்சாஸ் ரிக் என்கிறார்கள். இங்குள்ள ஏரிகளின் அடியில் மரங்கள் நிற்கின்றன. முள் வெளியே இருந்தால் ஒவ்வோர் எறிதலிலும் கிளையில் மாட்டிக்கொள்ளும். மறைந்திருந்தால் கிளைக்குக் கிளை வழுக்கி இறங்கும்; மீன் கவ்வியதும் சுண்டினால் அப்போதுதான் கூர் வெளியே வந்து தைக்கும். தண்ணீருக்கடியில் ஏன் மரங்கள் நிற்கின்றன என்ற கேள்வி எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது ஏரியே அல்ல, காடும் மேய்ச்சல் நிலமும் இருந்த பள்ளத்தாக்கு. சபீன் ஆற்றின் கிளையான லேக் ஃபோர்க் ஓடைக்குக் குறுக்கே அணை கட்டி, 1980-இல் தண்ணீரைத் தேக்கத் தொடங்கினார்கள். முழுவதும் நிரம்ப 1985 ஆகிவிட்டது. மரங்களில் பெரும்பகுதியை வெட்டாமலே விட்டுவிட்டார்கள், மீன்களுக்கு ஒதுங்க இடம் வேண்டுமென்று.

இன்னொன்றும் செய்தார்கள். அணை அடைபடுவதற்கு முன்பே, அந்தப் பள்ளத்தாக்கிலிருந்த பண்ணைக் குட்டைகளில் ஃபுளோரிடா வகைப் பாஸ் குஞ்சுகளை மாநில மீன்வளத் துறையினர் விட்டு வளர்த்தார்கள். மாடு தண்ணீர் குடிக்க வெட்டிய குட்டைகள் அவை. ஏரித் தண்ணீர் ஏறி வந்து ஒவ்வொரு குட்டையாக மூழ்கடித்தபோது, உள்ளே வளர்ந்திருந்த மீன்கள் ஏரிக்குள் வந்து சேர்ந்தன. ஏரி நிரம்பிய மறு ஆண்டே, 1986 நவம்பரில், மார்க் ஸ்டீவன்சன் என்ற வழிகாட்டி அங்கே 17.67 பவுண்டு எடையுள்ள பெண் மீன் ஒன்றைப் பிடித்தார். எத்தல் என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். பெரிய மீனை அரசின் குஞ்சுப் பண்ணைக்கு இரவல் கொடுத்து முட்டையிட வைத்துத் திருப்பி விடும் ஷேர்லங்கர் திட்டம் அந்த மீனோடுதான் தொடங்கியது. 1992 ஜனவரியில் பாரி செயின்ட் கிளேர் என்பவர் அதே ஏரியில் கிராப்பி என்னும் சின்ன மீனுக்காகத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது 18.18 பவுண்டு பாஸ் ஒன்று மாட்டியது. மாநிலச் சாதனை இன்றும் அதுதான்.

அந்த ரோடு யார் வீட்டுக்குப் போகிறது

மார்ச் மாதத்தில் ஒருநாள் நானும் படகில் போயிருந்தேன். தண்ணீரின் வெப்பம் அறுபது ஃபாரன்ஹீட்டை நெருங்கினால் பாஸ் மீன்கள் கரையோரத்துக்கு வரும். ஆண் மீன் வாலால் மணலை விலக்கிப் பள்ளம் செய்து, பெண் மீன் முட்டையிட்டுப் போன பிறகு தானே காவல் நிற்கும். அந்தச் சமயத்தில் எந்தத் தூண்டில்காரரையும் வீட்டில் பிடித்து வைக்க முடியாது. ஆனால் அன்று காலை முழுக்க ஒன்றும் கடிக்கவில்லை. வடக்கிலிருந்து குளிர்காற்று. நான் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தேன். அவர் கழியைக் கீழே வைத்துவிட்டு, படகின் முன்பக்கமிருந்த சோனார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒலி போய்த் தரையில் பட்டுத் திரும்பி வருவதைப் படமாகக் காட்டும் கருவி அது. பழுப்பு நிறத்தில் சேறும், அடிமரங்களும், அவற்றின் நீளமான நிழல்களும் ஓடிக்கொண்டிருந்தன.

“இங்கே வந்து பார்” என்றார். திரையின் குறுக்கே வெளிறிய பட்டை ஒன்று போயிற்று. இருபுறமும் அடிமரங்கள்; பட்டையின் மேல் ஒன்றுகூட இல்லை. ஓரங்கள் இரண்டும் நேர்கோடு. “ரோடு. கெட்டித் தரை என்பதால் ஒலி நன்றாகத் திரும்புகிறது. அதனால்தான் இவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது” என்றார். பாஸ் மீனுக்கு விளிம்புகள் பிடிக்கும். ரோட்டோரப் பள்ளத்தில் பதுங்கிக்கொண்டு மேலே போகும் சின்ன மீன்களுக்காகக் காத்திருக்கும். இதெல்லாம் அவர் முன்பே சொல்லி எனக்குத் தெரியும். ஆகவே இப்போது கழியை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. சின்ன மோட்டாரைப் போட்டு, படகை அந்த ரோட்டின் மேலேயே மெதுவாக ஓட்டினார். ஒரு வளைவில் ரோடு திரும்பியது, படகும் திரும்பியது. கொஞ்ச தூரத்தில் சேறு மூடி, பட்டை மங்கி மறைந்தது. “இந்த ரோடு யார் வீட்டுக்குப் போகிறது?” என்று கேட்டார். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

அவருடைய அம்மாவைப் பெற்ற தாத்தா குடும்பம், மேட்டூர் அணைக்கு நிலம் கொடுத்துவிட்டு மேடேறிய குடும்பம். 1934-இல் அணை கட்டி முடிந்தது. காவிரி பின்னால் ஏறி வந்து வயல்களையும் ஊர்களையும் மூடியது. தண்ணீர் வற்றும் கோடையில் பண்ணவாடிப் பக்கம் போனால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். சேலம் மாவட்டத்தில் வளர்ந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள், பத்திரிகைப் படத்திலாவது. சிறுவயதில் தாத்தா இவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கரையில் நிறுத்தி, தண்ணீரை நோக்கிக் கையை நீட்டி, அதோ களம், அதோ கிணறு, அதற்கு மேற்கே நம் வீடு என்று காட்டுவாராம். காட்டிய இடமெல்லாம் தண்ணீர்தான். “தாத்தாவுக்கு மட்டும் அங்கே எல்லாமே தெரிந்தது” என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பேசியதில்லை. லேக் ஃபோர்க்கின் நடுவில், அந்த ரோட்டின் மேல் மிதந்துகொண்டிருந்தபோது எனக்கு அது நினைவுக்கு வந்தது. இந்த மனிதர் மீனுக்காக மட்டும் இங்கே வரவில்லை என்று அப்போது தோன்றியது. தண்ணீருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கயிறு விட்டுப் பார்க்கிறார். மீன் அதற்கு வரும் பதில்களில் ஒன்று.

403 கழித்தல்

வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். அமெரிக்காவின் நிலவியல் ஆய்வுத் துறை, நாடு முழுவதற்கும் தாள் தாளாக வரைந்த பழைய நிலவரைபடங்களையெல்லாம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. தரையில் 2,000 அடி, தாளில் ஓர் அங்குலம். அணை வருவதற்கு முந்தைய பதிப்பாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஏரி பல தாள்களில் விரிந்து கிடக்கிறது. முதலில் எனக்கு இடமே பிடிபடவில்லை. ஏரியை வைத்து ஏரியைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அதில்தான் ஏரியே இல்லையே. பிறகு 154-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு போய், கேனி, பர்ச் என்று ஓடைகளின் பெயர்களைத் தேடினேன். அவர் வாரந்தோறும் படகில் போகும் கால்வாய்களின் பெயர்கள்! இங்கே அவை மெல்லிய நீலக் கோடுகளாக, தாண்டிவிடக்கூடிய ஓடைகளாக இருந்தன. மரம் இருந்த இடம் பச்சை. மேடு பள்ளத்துக்குப் பழுப்புக் கோடுகள். வீடு என்றால் சின்னக் கருப்புச் சதுரம். மண்பாதை என்றால் இரட்டைப் புள்ளிக்கோடு. குட்டைகள் நீலப் பொட்டுகளாக எங்கும் சிதறிக் கிடந்தன. ஃபுளோரிடா மீன்களைச் சுமந்தவை இவற்றில் எவை என்று நினைத்துக்கொண்டே வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாள்களை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒரே படமாக்கி, அச்சுக் கடையில் பெரிய தாளில் எடுத்தேன். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சபலம் வந்தது: இன்றைய ஏரியின் எல்லையை மெல்லிய நீலத்தில் அதன்மேல் நானே வரைந்துவிட்டால் என்ன? பார்க்க அழகாக இருக்கும். செய்யவில்லை. அது நான் தொடக்கத்தில் சொன்ன என் கட்சிக்கு நேர் விரோதம். கண்டுபிடிக்க வேண்டியதைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் கழி வாங்கிக் கொடுத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? படத்தை ஊமையாகவே கொடுத்தேன்.

பிறந்தநாளன்று பாயசம் சாப்பிட்டு முடித்த பிறகு கூடத்துத் தரையில் அதை விரித்தோம். மூலைகள் சுருளாமல் இருக்க நாலு புத்தகங்கள். குனிந்து பார்த்தார், ஒன்றும் புரியவில்லை. “எந்த ஊர் இது?” என்றார். நான் சொல்லவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்தார். ஓடைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தவர், பர்ச் என்ற இடத்தில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். “இதில் ஏரி எங்கே?” “நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றேன்.

லேக் ஃபோர்க் நிரம்பி நின்றால் அதன் மட்டம் கடலுக்கு மேல் 403 அடி. தூண்டில்காரர்கள் எல்லோருக்கும் இந்த எண் தெரியும். தினமும் மட்டம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள். படத்தில் 400 அடிக் கோடு மற்றவற்றைவிடத் தடிமனாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்து நகர்த்தத் தொடங்கினார். கோடு ஒவ்வோர் ஓடைக்குள்ளும் நுழைந்து வெளியே வரும்போது விரலும் நுழைந்து வெளியே வந்தது. பாதியில் எழுந்து மகளின் பெட்டியிலிருந்து நீலப் பென்சிலை எடுத்துக்கொண்டு வந்தார். அதன் பிறகு கணக்கு ஆரம்பித்தது. “இந்த மேடு 385. 403-இல் கழித்தால் பதினெட்டு அடி. இங்கே எனக்கு நிறையத் தடவை கடித்திருக்கிறது. ஏன் என்று தெரியாமலே இருந்தேன். பார், இது குட்டையின் கரை!” நீலப் பொட்டு ஒன்றின் தெற்கு விளிம்பில் சின்னதாக ஒரு கோடு இருந்தது. மண்ணைக் குவித்துப் போட்ட கரை. மாடு குடிக்க யாரோ வெட்டிய குட்டை, அதன் கரை இன்றும் பதினெட்டு அடிக்குக் கீழே நிற்கிறது. பாஸ் மீன் அதை ஒட்டிக் காத்திருக்கிறது.

ரோட்டையும் கண்டுபிடித்தார். வளைவை வைத்துத்தான். பெரிய சாலையிலிருந்து பிரிந்து, ஓர் ஓடையைத் தாண்டி, அந்த வளைவில் திரும்பி, ஒரே ஒரு கருப்புச் சதுரத்தில் போய் முடிந்தது. “இந்த வீட்டுக்குத்தான்” என்றார். அப்போது இங்கே இரவு பத்து மணி, மேட்டூரில் காலை எட்டரை. அம்மாவுக்குப் போன் செய்தார். பிறந்தநாள் வாழ்த்துக்காக என்று நினைத்து மாமியார் நூறு வயது இருக்கச் சொல்லி ஆசீர்வாதம் செய்துகொண்டிருக்க, இவர் குறுக்கே புகுந்து, “அம்மா, தாத்தா வீடு கிணற்றுக்கு மேற்கேயா, வடமேற்கேயா?” என்று கேட்டார். அம்மா பிறந்ததே மேட்டில் வந்து குடியேறிய பிறகுதான். ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது. புளியமரத்திலிருந்து எத்தனை தப்படி என்பதுவரை சொன்னார். தமக்குத் தம் அம்மா சொல்லியிருந்தாராம். அரைமணி நேரம் பேசினார்கள். மகன் வாழ்க்கையில் இதைக் கேட்டதே இல்லை என்று மறுநாள் என்னிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். இப்போது இவர் மேட்டூர்ப் பக்கத்து அணைக்கு முந்தைய கிராம வரைபடம் எங்காவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

தோழிகளுக்கு

இதை நான் சொன்னதும், இப்போது வரும் சோனார் கருவியிலேயே ஏரியின் ஆழமெல்லாம் கோடு கோடாகக் காட்டுகிறதே, பழைய காகிதம் எதற்கு என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆழத்தைக் கருவி காட்டும், மிகத் துல்லியமாகவே காட்டும். அங்கே இருந்தது ரோடா, குட்டைக்கரையா, வீட்டின் முற்றமா என்பதைக் கருவியில் உள்ள கோடு சொல்லாது. பதினெட்டு அடி என்பது ஓர் எண். அது ஒருவரின் மாட்டுக்குட்டையின் கரை என்று தெரிந்த பிறகு என் கணவர் அந்த இடத்தில் புழுவை இறக்கும் விதமே மாறியிருக்கிறது. மேடு எந்தப் பக்கம் சரியும், எந்தப் பக்கம் செங்குத்தாக இறங்கும் என்று தெரிந்து இறக்குகிறார். கூடுதலாக மீன் கிடைக்கிறதா என்றால், சில நாள் கிடைக்கிறது, சில நாள் இல்லை. அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. கருப்புச் சதுரங்களைப் பற்றித்தான் பேசுகிறார்.

உங்கள் வீட்டுக்காரர் சாம் ரேபர்னுக்கோ டொலிடோ பெண்டுக்கோ போகிறவர் என்றால் அவையும் 1960-களில் அணை கட்டித் தேக்கியவைதான். அதற்கு முந்தைய ஆண்டுத் தாளாகப் பார்த்து எடுங்கள். தானாக உண்டான ஏரிக்குப் போகிறவருக்கு இந்த யோசனை பயன்படாது, வேறு யோசிக்க வேண்டும். மட்டம் எத்தனை அடி என்ற எண்ணைத் தேடி நீங்கள் எழுதி வைக்காதீர்கள், அவருக்கே தெரிந்திருக்கும். பளபளப்புத் தாள் வேண்டாம், கடைக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் லேமினேஷனும் வேண்டாம், சட்டம் போட்டு மாட்டவும் வேண்டாம். பென்சிலால் எழுத வேண்டும், அழித்துவிட்டு மறுபடியும் எழுத வேண்டும். எங்கள் வீட்டுத் தாளில் ஓடைகளின் ஓரமெல்லாம் இப்போது எண்களாக நிறைந்துவிட்டன. இன்னொரு பிரதி எடுக்க வேண்டும்.